இறங்குவது சுலபம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "வெளிநாட்டு அனுபவம் பற்றி இருபது நிமிஷம் பேசுப்பா" என்றார். என் வெளிநாட்டு அனுபவத்தில் முக்கால்வாசி கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் கழிந்தது. அதைக் கேட்க நீங்கள் இவ்வளவு தூரம் வரவேண்டியதில்லை. ஆகவே ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அன்று நான் ஒரு பெரிய தப்பு செய்தேன். அந்தத் தப்பின் வேர் இந்தக் கல்லூரி ஹாஸ்டலில் இருக்கிறது என்பதால், இங்கேயே சொல்வதுதான் முறை.

அன்று என்னோடு வந்தவன் எனக்கு மூன்று வருடம் ஜூனியர். நான் இறுதியாண்டு படிக்கும்போது அவன் முதல் வருடம் சேர்ந்தான். மெஸ்ஸில் என்னைப் பார்த்தால் தட்டோடு எழுந்து நிற்பான். "உட்காருடா" என்று நான் சொன்னால்தான் உட்காருவான். அது எனக்கு அப்போது பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இந்த உரைக்கு அவனிடம் அனுமதி கேட்டேன். "பேரை மட்டும் சொல்லாதீங்கண்ணா. மத்ததெல்லாம் அப்படியே சொல்லுங்க" என்றான். இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறான். யாரும் திரும்பிப் பார்த்துத் தேட வேண்டாம். இந்த உரை முழுவதும் அவன் பெயர் 'தம்பி'.

2018-ஆம் ஆண்டு நாங்கள் இருவரும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகருக்கு அருகே ஒரே ப்ராஜெக்டில் வேலை பார்த்தோம். அங்கேயும் நான்தான் டீம் லீடர். அதாவது கல்லூரியில் சீனியர், ஆபீசிலும் சீனியர். பாவம், தம்பிக்கு இரட்டைச் சுமை.

அரிசோனா என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கிராண்ட் கேன்யன். கொலராடோ ஆறு அரித்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு. நீளம் 446 கிலோமீட்டர். சில இடங்களில் அகலம் 29 கிலோமீட்டர். ஆழம் ஏறத்தாழ 1,600 மீட்டர். 1919-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பெரும்பாலானவர்கள் மேலே தெற்கு விளிம்பில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நாமோ எஞ்சினீயர்கள். அடிவரை போய் ஆற்றைத் தொட்டுவிட்டு அதே நாளில் மேலே வரவேண்டும் என்று நான் முடிவு செய்தேன். "வர்றியாடா?" என்றேன். "சரிண்ணா" என்றான்.

இந்த "சரிண்ணா"வை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

ஒரே நாளில் ஆறுவரை போய்த் திரும்ப முயல வேண்டாம், அதிலும் மே முதல் செப்டம்பர் வரை கூடவே கூடாது என்று பூங்கா நிர்வாகம் பலகை பலகையாக எழுதி வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானவர்களை அங்கே மீட்க வேண்டியிருக்கிறது. நாங்கள் தேர்ந்தெடுத்தது மே மாதக் கடைசி வாரம். பலகையெல்லாம் பழக்கமில்லாத சுற்றுலாப் பயணிகளுக்கு என்பது என் எண்ணம்.

என் கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். சவுத் கைபாப் என்ற பாதையில் இறங்க வேண்டும், தூரம் சுமார் 7 மைல். பிரைட் ஏஞ்சல் என்ற பாதையில் ஏற வேண்டும், சுமார் 9.5 மைல். மொத்தம் 26 கிலோமீட்டர் சொச்சம். ஏற வேண்டிய உயரம் 1,335 மீட்டர். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் ஒரு விதி சொன்னார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். ஏழரை மணி நேரம் வந்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மாலை நாலு மணிக்குக் காபி.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த விதி திடகாத்திரமான ஆளுக்கு, குளிர்ந்த மலைக்கு எழுதப்பட்டது. அதில் வெயிலுக்கு ஒரு கட்டம் கிடையாது. கூட வருகிறவனுக்கும் கட்டம் கிடையாது. 1,335 மீட்டர் என்பது என்ன? மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும் ஊட்டி ரயில் ஏறுகிற உயரம், ஏறத்தாழ. அதற்கு ஆங்கிலேயர்கள் பல்சக்கரம் போட வேண்டியிருந்தது. எங்களுக்கு இருந்தது ஆளுக்கு இரண்டு கால்.

புறப்படும்போது என் மனைவி புளியோதரையும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தாள். "வெயில்ல உப்பு போயிடும், சாப்பிடுங்க" என்றாள். "பிக்னிக்கா போறோம்?" என்று சிரித்துவிட்டு, எடை குறையட்டும் என்று பொட்டலத்தைக் காரிலேயே விட்டேன். பையில் தண்ணீரும் சாக்லேட் பட்டைகளும் மட்டும். டார்ச் ஒன்றே ஒன்று. நாலு மணிக்குத்தான் மேலே வந்துவிடுவோமே!

இரவு இரண்டு மணிக்குக் காரை எடுத்தோம். பாதை தொடங்கும் இடம்வரை சொந்தக் கார் போக முடியாது, பூங்காவின் பஸ்ஸில்தான் போக வேண்டும். நடக்க ஆரம்பித்தபோது மணி ஏழேகால். விவரம் தெரிந்தவர்கள் இருட்டோடு இறங்கிப் போய்விட்டிருந்தார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, இறங்குகிற வழி அற்புதம். ஒரு முதுகெலும்பின்மேல் நடப்பது போல இருபுறமும் பள்ளம். மேலே உள்ள சுண்ணாம்புப் பாறைக்கு வயது சுமார் 27 கோடி வருடம். ஆற்றங்கரையில் இருக்கும் கரும்பாறைக்கு 170 கோடி வருடத்துக்கும் மேலே. ஒவ்வொரு அடிக்கும் காலம் பின்னோக்கிப் போகிறது. நம் ஜியாலஜி ஆசிரியர் பார்த்திருந்தால் அங்கேயே வகுப்பு எடுக்க ஆரம்பித்திருப்பார்.

அந்தப் பாதையில் ஒரு சொட்டுக் குடிதண்ணீர் கிடையாது. நிழலும் கிடையாது. இறங்கும்போது அது பெரிதாகத் தெரியவில்லை. சாதாரணமாக மலை ஏறுகிறவன் களைத்தால் அங்கிருந்து இறங்கிவிடலாம். இங்கே எல்லாம் தலைகீழ். தெம்பு இருக்கும்போது இறக்கம், தெம்பு தீர்ந்தபின் ஏற்றம். காலையில் குளிர்ச்சி, மதியம் அடுப்பு. அதுவும் கீழே போகப் போக வெப்பம் கூடும். விளிம்பைவிட அடியில் பத்துப் பதினோரு டிகிரி செல்சியஸ் அதிகம்.

ஒன்றரை மைலில் சீடர் ரிட்ஜ் என்ற இடம். அங்கேயே தம்பி உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினான். மூன்றாவது மைலில் ஸ்கெலிட்டன் பாயிண்ட், அங்கேயும் கட்டினான். "என்னடா, லேஸ் கட்டவா வந்தே?" என்று கிண்டல் செய்தேன். சிரித்தான். புது ஷூ. வாங்கச் சொன்னதும், எந்த சைஸ் என்று சொன்னதும் நான்தான். இறக்கத்தில் கால்விரல்கள் முன்பக்கம் போய் இடித்து இடித்து நகம் கருத்துப் போயிருந்தது. எனக்கு அது தெரியாது. "எப்படி இருக்கே?" என்று கேட்டேன். "நல்லா இருக்கேண்ணா" என்றான்.

பதினொன்றரைக்கு ஆற்றங்கரை. அங்கே 440 அடி நீளத்துக்கு ஒரு தொங்கு பாலம். 1928-இல் கட்டியது. சிவில் நண்பர்கள் கவனிக்கவும். அதன் முக்கிய வடங்கள் ஒவ்வொன்றும் 550 அடி நீளம், ஒரு டன்னுக்கு மேல் எடை. பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் அதைக் கோவேறு கழுதைமேல் ஏற்றிக் கொண்டுபோக முடியாது. ஹவசுபாய் என்ற பழங்குடி இனத்தைச் சேர்ந்த 42 பேர் வரிசையாக நின்று, ஒரு வடத்தை நீளவாக்கில் தோளில் வைத்து, நாங்கள் வந்த அதே மலைச் சரிவில் நடந்தே இறக்கினார்கள். பாலத்தின் நடுவில் நின்று இதைத் தம்பிக்கு விளக்கினேன். "எப்படிப்பட்ட வேலை பாருடா!" என்றேன். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றான். ரசிக்கிறான் என்று நினைத்தேன்.

ஃபேன்டம் ராஞ்ச் என்ற தங்குமிடம் கீழே இருக்கிறது. மேரி கோல்டர் என்ற பெண் ஆர்க்கிடெக்ட் வடிவமைத்து 1922-இல் திறந்தது. அங்கிருந்த வெப்பமானி நிழலிலேயே 38 டிகிரிக்கு மேல் காட்டியது. அங்கே உட்கார்ந்திருந்த எல்லோரும் ஓடையில் காலை விட்டுக்கொண்டு, மாலைவரை நகர்வதாக இல்லை. பத்து மணி முதல் நாலு மணிவரை வெயிலில் நடக்கக் கூடாது என்பது அங்கே பால பாடம். என் எக்செல்லில் அதற்கு இடமில்லை. "கிளம்பலாமாடா?" என்றேன். "சரிண்ணா." மணி பன்னிரண்டே முக்கால்.

ஆற்றைத் தாண்டி, மணலில் நடந்து, பாதை ஓரிடத்தில் சுருள் சுருளாக ஏறுகிறது. பிசாசின் திருகாணி என்று அந்த இடத்துக்குப் பெயர். இரண்டு மணி வெயில். பாறை இரண்டு பக்கமும் அனல் அடிக்கிறது. அங்கேதான் தம்பி வாந்தி எடுத்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "தண்ணி குடிடா, தண்ணி குடி" என்றேன். குடித்தான். கொஞ்ச தூரத்தில் மறுபடி வாந்தி. "இன்னும் குடி" என்றேன். சாக்லேட் பட்டையைக் காட்டினால் குமட்டுகிறது என்றான். தலைவலி என்றான். நான் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல், "அண்ணா, லேப் ரெக்கார்டு சப்மிட் பண்ணணும்" என்றான். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. செல்போனில் சிக்னல் இல்லை. முன்னால் பார்த்தால் மலை, பின்னால் பார்த்தால் மலை. அவன் பையையும் நான் வாங்கிக்கொண்டு, நிழல் தெரிகிற இடமெல்லாம் உட்கார வைத்து உட்கார வைத்து அழைத்து வந்தேன். அவன் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்ற ஒரே யோசனைதான்.

நாலே முக்காலுக்கு, பாதி வழியில், ஓடையும் உயர்ந்த மரங்களும் இருக்கும் ஒரு சோலைக்கு வந்து சேர்ந்தோம். பூங்காக் காவலர் நிலையம் ஒன்று அங்கே உண்டு. நடுத்தர வயதுப் பெண் அதிகாரி ஒருவர் எங்களைப் பார்த்ததுமே எழுந்து வந்தார். தம்பியை நிழலில் படுக்க வைத்து, எவ்வளவு தண்ணீர் குடித்தார், என்ன சாப்பிட்டார், எத்தனை முறை சிறுநீர் போனார் என்று கேட்டார். நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "உங்களைக் கேட்கவில்லை. அவரைக் கேட்கிறேன். நீங்கள் அந்த மரத்தடியில் போய் உட்காருங்கள்" என்றார்.

போய் உட்கார்ந்தேன். நான் விலகிப் போன பிறகுதான் தம்பி பேசினான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஐந்து லிட்டருக்கு மேல் தண்ணீர் குடித்திருக்கிறான். முதல் மைலிலேயே கால் வலி. பாலத்திலேயே தலை சுற்றல்.

அவர் என்னிடம் வந்து விளக்கினார். வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. சாப்பிடாமல் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போகும். குமட்டல், தலைவலி, குழப்பம் எல்லாம் வரும். பார்ப்பதற்கு வெயில் களைப்பு மாதிரியே இருக்கும். அதற்குமேல் தண்ணீர் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. நல்ல எண்ணத்தோடு மூன்று மணி நேரமாக அந்த ஆபத்தைத்தான் நான் ஊட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். தேவைப்பட்டதெல்லாம் உப்பு. அது ஒரு டப்பா நார்த்தங்காயாக, மேலே காரில் இருந்தது.

உப்பு பிஸ்கட்டை ஒவ்வொன்றாகக் கொடுத்து மெல்ல வைத்தார். சட்டையை ஓடையில் நனைத்துப் போடச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் தம்பியின் பேச்சு தெளிந்தது. ராத்திரி இங்கேயே தங்க வைக்கலாமா என்று யோசித்தவர், அவன் எழுந்து நடந்ததையும் சாப்பிட்டதையும் பார்த்துவிட்டு, வெயில் இறங்கியபின் மெதுவாகப் போகலாம் என்றார். ஒரு டார்ச்சும் கொடுத்தார். ஒரு நிபந்தனை போட்டார்: "அவர் முன்னால் போக வேண்டும். நீங்கள் பின்னால். அவர் நின்றால் நீங்களும் நிற்க வேண்டும். ஒரு வார்த்தை பேசக் கூடாது."

ஏழேகாலுக்குக் கிளம்பினோம். நாலரை மைல், மூவாயிரம் அடி ஏற்றம். தம்பி இருபது அடி நடப்பான், நிற்பான். நான் நிற்பேன். அந்த 42 பேர் நினைவு வந்தது. ஒரே வடத்தைத் தோளில் வைத்தபின் யாரும் தனியாக வேகம் காட்ட முடியாது. மிக மெதுவாக நடப்பவன் வேகம்தான் எல்லோர் வேகமும். பாலத்தில் நின்று அந்தக் கதையைச் சொன்னபோது எனக்கு இது உறைக்கவில்லை.

பாதி ராத்திரி, வழியில் ஒரு கல் மண்டபம். தலைக்குமேல் அவ்வளவு நட்சத்திரங்கள். அங்கே உட்கார்ந்து கேட்டேன்: "ஏன்டா, முதல் மைல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "மூணாவது மைல்ல திரும்பிடலாம்னு சொல்லத்தான்ணா வாயெடுத்தேன். நீங்க லேஸ் பத்திச் சிரிச்சீங்க. அப்புறம் எப்படிண்ணா சொல்றது? நீங்க சீனியர்."

நண்பர்களே, இந்த வாக்கியத்தை மேலே போகும்வரை நான் சுமந்தேன். இரண்டு பைகளைவிட அது கனம். நான் ஒவ்வொரு முறையும் அவனைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "எப்படி இருக்கே?" என்று கேட்டேன், "கிளம்பலாமா?" என்று கேட்டேன். ஆனால் இல்லை என்று சொல்ல இடம் வைத்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மெஸ்ஸில் "உட்காருடா" என்று சொன்ன அதே குரல்தான் அங்கேயும் கேட்டது.

பிறகு அவன் என்னைக் கேட்டான்: "உங்களுக்கு எப்படிண்ணா இருக்கு?" வாயில் வந்தது என்ன தெரியுமா? "நல்லா இருக்கேன்டா." சொன்ன பிறகு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. "இல்லடா, முட்டி ரெண்டும் போச்சு. பயந்து போயிருக்கேன்" என்றேன். சிரித்தான். காலையிலிருந்து அப்போதுதான் உண்மையாகச் சிரித்தான்.

பன்னிரண்டே முக்காலுக்கு விளிம்புக்கு வந்தோம். நாலு மணிக் காபிக்கு ஒன்பது மணி நேரம் லேட். காரில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். அந்த நார்த்தங்காயின் ருசியை இன்றுவரை வேறு எதிலும் நான் கண்டதில்லை. தம்பிக்கு இரண்டு கட்டைவிரல் நகமும் விழுந்து முளைக்க ஒரு வருடம் பிடித்தது.

ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்களைக் காப்பாற்றிய அந்தச் சோலைக்கு அப்போது இந்தியன் கார்டன் என்று பெயர். அது ஹவசுபாய் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து பயிரிட்ட இடம். பூங்கா வந்தபின் அவர்களை வெளியேற்றினார்கள். கடைசியாக அங்கே வசித்தவரை வெளியேற்றியது 1928-இல். அவர்கள் தோளில் சுமந்து இறக்கிய வடங்களில் பாலம் எழுந்த அதே வருடம். சுமந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மக்களின் கோரிக்கையை ஏற்று, 2022 நவம்பரில் அந்த இடத்துக்கு ஹவசுபாய் கார்டன்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். செய்தியைப் படித்ததும் தம்பிக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

அதற்குப் பிறகு நான் முழுசாக மாறிவிட்டேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். பழைய குரல் அவ்வப்போது வரும். ஆனால் சில வழக்கங்களை வைத்திருக்கிறேன். ஆபீஸ் மீட்டிங்கில் முதலில் வயதில் சின்னவர் பேச வேண்டும், நான் கடைசியில். எந்த வேலை தொடங்கும்போதும், எந்த இடத்தில் என்ன நிலை வந்தால் திரும்பிவிடுவோம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கிறோம். அந்த இடம் வந்தபின் முடிவெடுக்க யாருக்கும் தைரியம் வராது. "முடியுமா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இதுல உனக்கு எது கஷ்டமா இருக்கு?" என்று கேட்கப் பழகுகிறேன்.

மாணவத் தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. மரியாதை வேறு, வாயை மூடிக்கொண்டிருப்பது வேறு. நாளை நீங்கள் ஒரு பாலத்தின் டிராயிங்கில், ஒரு பாய்லரின் வால்வில், ஒரு புரோகிராமில் தப்பைப் பார்ப்பீர்கள். எதிரே சீனியர் நிற்பார். மூன்றாவது மைலிலேயே சொல்லிவிடுங்கள். சீனியர் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். அவர்கள் சொல்ல வாயெடுக்கும்போது லேஸைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள்.

கிராண்ட் கேன்யனுக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். முடிந்தால் கீழே ஒரு இரவு தங்கித் திரும்புங்கள். ஒரே நாள்தான் என்றால் கொஞ்ச தூரம் இறங்கி, காலையிலேயே ஏறி வந்துவிடுங்கள். இறங்குவது நம் விருப்பம், ஏறுவது கட்டாயம் என்று அங்கே நடப்பவர்கள் சொல்வார்கள். அது சரியான கணக்கு. மறக்காமல் ஊறுகாய் எடுத்துக்கொண்டு போங்கள்.

இந்த உரையை எழுதி முடித்ததும் தம்பியிடம் படிக்கக் கொடுத்தேன். "எல்லாம் சரியா இருக்காடா?" என்று கேட்டேன். பழைய தம்பியாக இருந்தால் "சரிண்ணா" என்றிருப்பான். இந்த முறை, "ரொம்ப நீளமா இருக்குண்ணா, ரெண்டு பக்கத்தை வெட்டுங்க" என்றான். வெட்டிவிட்டேன். அதனால்தான் சாப்பாட்டு மணிக்கு முன்னால் முடிக்கிறேன்.